துடைப்பத்தின் திசை: நடைபாதைக் குப்பைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நகரங்கள் சட்டம் போடுவது ஏன்?

நடைபாதையைப் பெருக்கி முடிக்கும்போது காலடியில் ஒரு சிறு குவியல் மிஞ்சும். சருகு, மண், சிகரெட் துண்டு, கிழிந்த காகிதம், கொஞ்சம் மணல். அதை முறத்தில் அள்ளக் குனிய வேண்டும். குனியாமல் முடிக்கவும் ஒரு வழி உண்டு. ஓரக்கல்லைத் தாண்டித் தெருவுக்குள் ஒரே வீச்சாகத் தள்ளிவிடலாம். பக்கத்திலேயே இரும்புக் கம்பி போட்ட மழைநீர் வடிகாலின் வாய் திறந்திருந்தால் இன்னும் வசதி. குவியல் கண்ணைவிட்டே மறைந்துவிடும்.

அமெரிக்க நகரங்கள் பலவற்றின் சட்டங்கள் அந்த ஒரு வீச்சைக் குற்றமாக எழுதி வைத்திருக்கின்றன. நடைபாதையைப் பெருக்குவது கட்டிட உரிமையாளரின் கடமை. பெருக்கியதைத் தெருவில் தள்ளுவது குற்றம். வடிகாலுக்குள் தள்ளுவதும் குற்றம். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி நடைபாதை அழுக்கைத் தெருவுக்குக் கழுவிவிடுவதற்கும், சருகை ஊதுகருவியால் தெருவுக்கு ஊதிவிடுவதற்கும் பல ஊர்களில் இதே விதிதான். அபராதச் சீட்டு கைக்கு வரும்போது யாருக்கும் எரிச்சல் வரும். மரத்திலிருந்து தானாக உதிர்ந்த இலைதானே, மழை வந்தால் எப்படியும் அடித்துக்கொண்டு போகப்போகிறதே, இதற்கெல்லாம் சட்டமா என்று கேட்கத் தோன்றும்.

மழை எங்கே அடித்துக்கொண்டு போகிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டால் எரிச்சல் பாதி அடங்கிவிடும். இந்த விதிக்கான காரணம் தெருவுக்கு அடியில் இருக்கிறது. கண்ணில் படாத காரணத்தை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, அபராதத் தொகையை மட்டும் சொல்கிறார்கள். நகர விதிகளிலேயே மிக நியாயமானவற்றில் ஒன்று இது என்பது என் எண்ணம். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும் அழகை அளக்கிற அளவுக்கு, மழை எப்போது வரும் என்பதை அளப்பதில்லை. அந்தக் குறையும் பேசப்பட வேண்டும்.

ஒரு சொல், இரண்டு குழாய்கள்

தமிழில் தெருவோரம் இறங்கும் எதையும் சாக்கடை என்று சொல்லிவிடுகிறோம். குளியலறையிலிருந்து போகும் நீருக்கும் அதே பெயர், மழைநீர் இறங்கும் பள்ளத்துக்கும் அதே பெயர். ஒரே சொல் மனத்தில் ஒரே குழாயை வரைந்துவிடுகிறது. எல்லாம் எங்கோ ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும், அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நிம்மதியும் அந்தப் படத்தோடு வந்துவிடுகிறது.

பெரும்பாலான புதிய நகரங்களில் தெருவுக்கு அடியில் இரண்டு தனிக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று கழிவுநீர்க் குழாய். வீடுகளின் கழிப்பறை, குளியலறை, சமையலறை நீர் அதில் போய்ச் சுத்திகரிப்பு நிலையத்தை அடைகிறது. மற்றது மழைநீர் வடிகால். தெருவோரத்து இரும்புக் கம்பி வாய்க்குள் இறங்கும் நீர் இந்தக் குழாய் வழியாக நேரே பக்கத்து ஓடைக்கோ ஆற்றுக்கோ ஏரிக்கோ கடலுக்கோ போகிறது. நடுவில் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. பெரும்பாலான இடங்களில் வடிகட்டிகூடக் கிடையாது. பாசன மொழியில் சொன்னால் அந்தக் கம்பி வாய்தான் ஆற்றின் தலைமடை. அதில் தள்ளிய குவியலை, கரையில் நின்று ஆற்றில் கொட்டியதாகவே கணக்கு வைக்க வேண்டும்.

பழைய நகரங்களில் நிலைமை வேறு. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும் கலப்பு முறை அங்கே இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய 700 ஊர்களில் இந்த முறை உண்டு. பெரும்பாலும் வடகிழக்கிலும் பேரேரிகளைச் சுற்றியும் அவை அமைந்திருக்கின்றன. நியூயார்க் நகரத்தில் ஏறக்குறைய 60 சதவீதப் பகுதி கலப்புக் குழாயை நம்பியே இருக்கிறது.

இந்த வேறுபாடு துடைப்பத்தின் திசையையே மாற்றிவிடும். பாரிஸில் 19-ஆம் நூற்றாண்டில் அமைத்த தனிக் குழாய்கள் வழியாகக் குடிக்க ஆகாத நீர் தெருக்களுக்கு வருகிறது. துப்புரவுப் பணியாளர் வால்வைத் திறந்து ஓரக்கல்லை ஒட்டி நீரை ஓடவிடுவார். உருட்டிக் கட்டிய பழைய கம்பளத் துண்டை வைத்து நீரின் போக்கைத் திருப்புவார். துடைப்பத்தால் சிறு குப்பையை அந்த நீரோடு பாதாளச் சாக்கடைக்குத் தள்ளிவிடுவார். அங்கே அது ஒழுங்கான துப்புரவு. குழாய் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது, நடுவே குப்பையையும் மணலையும் பிடித்து அள்ளுகிற ஏற்பாடும் இருக்கிறது. அதே வேலையை லாஸ் ஏஞ்சலிஸில் செய்தால் குப்பை நேரே கடலுக்குப் போகும். மனிதர் செய்வது ஒன்றே, தெருவுக்கு அடியில் இருப்பது வேறு.

கலப்பு முறை இருக்கிற ஊரில் என்ன வேண்டுமானாலும் தள்ளலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கனமழையில் அந்தக் குழாய் கொள்ளளவைத் தாண்டும். தாண்டினால் மழைநீரும் மலநீரும் கலந்து சுத்திகரிப்புக்குப் போகாமலே ஆற்றில் திறந்துவிடப்படும். வடிகாலில் சேர்ந்த மணலும் குப்பையும் குழாயின் கொள்ளளவைக் குறைக்கக் குறைக்க, அந்த அவலம் சிறிய மழைக்கே நடக்கத் தொடங்கும்.

வாஷிங்டன் மேலே, துடைப்பம் கீழே: ஒரு சங்கிலி

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இயற்றிய சட்டம் ஒரு கடைக்காரரின் துடைப்பம் வரை எப்படி இறங்கி வந்தது என்பது நல்ல கதை. 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டம், குழாய், கால்வாய், பள்ளம் போன்ற குறிப்பிட்ட வாயிலிருந்து நீர்நிலையில் மாசை விட உரிமம் வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் முதலில் இருந்தவை தொழிற்சாலைகளும் கழிவுநீர் நிலையங்களும்தான். ஆனால் நகரத்தின் மழைநீர் வடிகாலுக்கும் ஒரு குழாய் வாய் உண்டே? அதுவும் ஆற்றில்தானே திறக்கிறது?

சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடப் பார்த்தது. கணக்கில்லாத வாய்களுக்கு உரிமம் கொடுத்து மாளாது என்று 1973-இல் மழைநீர் வடிகால்களில் பெரும்பாலானவற்றுக்கு விலக்குக் கொடுத்தது. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விலக்குச் செல்லாது என்றது. சட்டம் எல்லா வாய்களையும் சொல்லியிருக்கும்போது நிர்வாகச் சிரமத்தைக் காட்டி ஒரு வகையையே வெளியே தள்ள முகமைக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் இழுபறி. 1987-இல் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி நகர வடிகால்களுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தது. 1990-இல் வந்த விதிகள் ஒரு லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள ஊர்களைப் பிடித்தன. 1999-இன் விதிகள் நகர்ப்புறத்தில் உள்ள சிறிய ஊர்களையும் உள்ளே கொண்டுவந்தன.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உரிமம் வாங்குவது நகராட்சி. குழாய் அதனுடையது, ஆற்றில் விழும் நீருக்குப் பொறுப்பும் அதனுடையது. ஆனால் அந்தக் குழாய்க்குள் போவதை நகராட்சி உண்டாக்குவதில்லை. தெருவில் இருக்கிற லட்சம் பேர் உண்டாக்குகிறார்கள். அதனால் மத்திய விதி நகராட்சிக்கு ஒரு கட்டளை இடுகிறது: மழைநீர் அல்லாத எதுவும் வடிகாலுக்குள் போகாமல் தடுக்க உள்ளூர்ச் சட்டம் இயற்று, அதை மீறுகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கும் வழியையும் வை. முழுக்க மழைநீராக இல்லாத எதுவும் வடிகாலுக்குள் இறங்கினால் அது முறைகேடான வெளியேற்றம் என்பது மத்திய விதியின் வரையறை. சாயம், எண்ணெய், சோப்பு நீர், சிமென்ட் பால் எல்லாம் அந்த வரையறைக்குள் அடங்கும். சருகையும் புல் வெட்டையும் பல ஊர்கள் தங்கள் உள்ளூர்ச் சட்டத்தில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன.

ஆகவே அபராதச் சீட்டைக் கொடுக்கும் அதிகாரியின் பின்னால் ஒரு நீண்ட வரிசை நிற்கிறது. வடிகால் வாயில் குப்பையைத் தள்ளியவரைக் கேட்காமல் விட்டால், நாளை அதே குப்பைக்காக நகராட்சி பதில் சொல்ல வேண்டும். இந்தக் கட்டாயத்தைப் புரிந்துகொள்ளாமல் 'வசூலுக்காகப் போட்ட சட்டம்' என்று ஒதுக்கிவிடுவது எளிது. அப்படி ஒதுக்குவதில் உண்மை குறைவு.

விலக்குகளையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவற்றில்தான் குழப்பம் அதிகம். தோட்டத்துக்குப் பாய்ச்சிய நீர் வழிந்தது, குளிர்சாதனப் பெட்டியின் சொட்டு நீர், குளோரின் நீக்கிய நீச்சல்குள நீர், வீட்டில் தன் காரைத் தானே கழுவிய நீர் போன்றவை மத்திய விதியின் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. தெரு கழுவிய நீரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் ஒரு நகராட்சி தன் ஊரில் அதனால் மாசு கணிசமாகச் சேர்கிறது என்று கண்டால் விலக்கை எடுத்துவிடலாம். அதனால்தான் ஓர் ஊரில் செய்யக்கூடியது அடுத்த ஊரில் தவறாகிறது. சொந்த ஊரின் சட்டத்தைப் படித்துப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

குவியலில் என்ன இருக்கிறது

நடைபாதைக் குவியலைப் பார்க்கும்போது கண் பெரியதைப் பார்க்கிறது. காகிதக் கோப்பை, பிளாஸ்டிக் பை, இலை. ஆற்றைக் கெடுப்பதில் பெரும் பங்கு கண்ணில் படாத பொடிக்கு உண்டு. 1972-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காகச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு பல நகரங்களின் தெரு அழுக்கை அள்ளிச் சலித்துப் பார்த்தது. மிக நுண்ணிய துகள்கள் எடையில் 6 சதவீதம் அளவுக்குத்தான் இருந்தன. ஆனால் பாசிக்கு உரமாகும் சத்துகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அந்தப் பொடியோடுதான் ஒட்டியிருந்தது. அழுக்கு தெரு முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. வண்டிகள் ஓடும் காற்று அதை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஓரக்கல்லை ஒட்டிய ஒரு மீட்டர் அகலத்துக்குள்தான் பெரும்பகுதி கிடந்தது. நடைபாதையிலிருந்து தள்ளிவிடும் குவியலும் சரியாக அந்த ஒரு மீட்டருக்குள்தான் போய் விழுகிறது.

மழை தொடங்கியதும் முதலில் ஓடும் நீர்தான் மிக அழுக்கானது. பல நாள் சேர்ந்த தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, வளர்ப்பு நாய்களின் கழிவு எல்லாவற்றையும் முதல் வெள்ளம் வழித்துக்கொண்டு போகும். மழை விடாமல் பெய்தால் பின்னால் வரும் நீர் தெளியத் தொடங்கும். மழை தொடங்கும் நேரத்தில் வெளியே நின்று ஓரக்கல்லைப் பார்த்தால் யாரும் இதைக் காணலாம். முதல் சில நிமிடங்கள் நீர் கறுத்து நுரைத்து ஓடும்.

அந்தக் கறுப்பில் ஒரு பங்கு டயர்த் தூள். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் பியூஜெட் சவுண்ட் பகுதி ஓடைகளில், முட்டையிடக் கடலிலிருந்து திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பிறகு முட்டையிடாமலே துடித்துச் செத்துக்கொண்டிருந்தன. சில நகர ஓடைகளில் திரும்பிய மீன்களில் 40 முதல் 90 சதவீதம் வரை செத்தன. பல ஆண்டுகள் காரணம் பிடிபடவில்லை. 2020 டிசம்பரில் ஆய்வாளர்கள் குற்றவாளியைக் கண்டறிந்தார்கள். டயர் வெடிப்பு விடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து '6பிபிடி-குவினோன்' என்ற நஞ்சாகிறது. தெருவில் தேய்ந்து கிடக்கும் டயர்ப் பொடியிலிருந்து அது மழைநீரில் கரைந்து வடிகால் வழியாக ஓடையை அடைகிறது. இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. கடல் கடந்து, தான் பிறந்த ஓடையைத் தேடி வந்த உயிர், வாசலில் வைத்து வாட்டப்பட்டது போல.

டயர்த் தூளை எந்தக் கடைக்காரரின் துடைப்பமும் நிறுத்த முடியாது. அதற்கு டயரையே மாற்ற வேண்டும். பிரேக் கட்டையில் இருக்கும் செம்பு மீன்களுக்குக் கேடு என்று தெரிந்தபோது கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010-இல் அதைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் போட்டன. மூலத்தில் தடுக்க வேண்டியது மூலத்திலும், வாசலில் தடுக்க முடிவது வாசலிலும் தடுக்கப்பட வேண்டும். சருகு, மண், மணல், சிகரெட் துண்டு, பிளாஸ்டிக் இவையெல்லாம் வாசலில் தடுக்க முடிகிறவை.

சருகு பாவமற்றது என்ற நினைப்பை மட்டும் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். காட்டில் விழும் இலை மண்ணில் மட்கி மரத்துக்கே உரமாகிறது. தார்ச் சாலையில் விழும் இலைக்கு மண் கிடையாது. மழைநீரில் அது ஊறுகிறது. தேயிலை கொதிநீரில் சாறு இறக்குவது போல, இலையிலுள்ள பாஸ்பரஸ் நீரில் இறங்குகிறது. வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கிய இலையிலிருந்து இன்னும் வேகமாக இறங்கும். அந்தச் சாறு ஏரியை அடைந்தால் பாசிக்கு விருந்து. பாசி தழைத்துச் செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மூச்சுத் திணறுகின்றன. வடிகால் வாயின் கம்பியில் மாட்டியிருக்கும் இலையைப் பிறகு அள்ளினாலும் சாறு ஏற்கெனவே போயிருக்கும்.

வாய் அடைத்தால்

மாசைப் பற்றிக் கவலைப்படாதவரும் வெள்ளத்தைப் பற்றிக் கவலைப்படுவார். கம்பி வாயின் மேல் ஈர இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தால் அது பாய் விரித்தது போல மூடிக்கொள்ளும். கீழே பெரிய குழாய் காலியாகக் கிடக்கும், மேலே தெரு குளமாகும்.

கம்பிக்குக் கீழேயும் ஒரு விஷயம் உண்டு. பல ஊர்களில் வடிகால் வாய்க்கு அடியில் ஒரு தொட்டி கட்டியிருப்பார்கள். வெளியேறும் குழாய் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் உயரத்தில் இருக்கும். நீரோடு வரும் மணல் அடியில் தங்க, நீர் மட்டும் மேலே வழிந்து போகும். எளிமையான, அழகான ஏற்பாடு. ஆனால் தொட்டி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டால் அது மணலைப் பிடிக்கும் திறனை இழந்துவிடுகிறது. அடுத்த கனமழை பழைய வண்டலையும் கலக்கி எடுத்துக்கொண்டு போகும். ஆகவே தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். நியூயார்க்கில் இப்படி ஏறக்குறைய 1,50,000 வடிகால் தொட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் லாரி கொண்டுவந்து உறிஞ்சி எடுக்க வேண்டும். நடைபாதையிலிருந்து தள்ளிய ஒரு முறம் மண், துடைப்பத்தால் அள்ளியிருக்க வேண்டியது, உறிஞ்சும் லாரியால் அள்ளப்படுகிறது. செலவு பொதுப் பணம்.

பிளாஸ்டிக் பைகள் வடிகாலை அடைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு வங்கதேசம் சாட்சி. 1988, 1998 வெள்ளங்களில் பாலித்தீன் பைகள் வடிகால்களை அடைத்துத் துயரத்தை நீட்டித்தன என்ற அனுபவத்துக்குப் பிறகு, 2002-இல் மெல்லிய பாலித்தீன் பைகளுக்குத் தடை விதித்த முதல் நாடு அதுதான்.

லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வேறு வழி எடுத்தார்கள். ஆற்றில் குப்பையின் அளவு பூஜ்யமாக வேண்டும் என்று 2001-இல் இலக்கு வைத்தார்கள். 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் நிற்கும் எதுவும் குழாய்க்குள் போகக்கூடாது என்பது அளவுகோல். வடிகால் வாய்களுக்கு உள்ளே சல்லடைத் தட்டுகளும் வெளியே தானாகத் திறக்கும் மறைப்புகளும் பொருத்தினார்கள். 2015-இல் கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும் இதே போன்ற விதி வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் சல்லடை பொருத்திய வடிகால் வாய்க்கு முன்னால் சருகைத் தள்ளினால் சல்லடையே அடைப்பாகிறது. கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தெருவில் குப்பை குறைந்தால்தான் அது வேலை செய்யும். அதனால் சல்லடை வந்த பிறகு பெருக்கும் விதியின் தேவை கூடியதே தவிரக் குறையவில்லை.

யார் பெருக்க வேண்டும், எப்படி

நடைபாதை பொதுச் சொத்து. ஆனால் அதைச் சுத்தமாக வைக்கும் கடமையைப் பல அமெரிக்க நகரங்கள் பக்கத்துக் கட்டிட உரிமையாளரிடம் கொடுத்திருக்கின்றன. நியூயார்க்கில் நடைபாதையோடு கடமை நிற்பதில்லை. ஓரக்கல்லிலிருந்து தெருவுக்குள் 18 அங்குலம், அதாவது ஒன்றரை அடி வரை உரிமையாளர் பெருக்க வேண்டும். அந்த ஒன்றரை அடியில் ஆழ்ந்த காரணம் இருக்கிறது. தெரு கூட்டும் பெரிய வண்டியின் தூரிகை, நிறுத்திவைத்த கார்களால் எட்ட முடியாத இடம் அது. அழுக்கு மிகுதியாகச் சேர்கிற இடமும் அதுவே.

முறையைப் பற்றி விதிகள் சொல்வதைத் தொகுத்தால் ஒரு வரிதான்: முதலில் உலர்ந்த துப்புரவு, தண்ணீர் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும். குவியலை அள்ளிப் பையில் கட்ட வேண்டும். எண்ணெய் சிந்தியிருந்தால் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவைத்து, அதையும் அள்ளிவிட வேண்டும். கழுவியே ஆக வேண்டுமென்றால் வடிகால் வாயை மூடி, நீரைத் தேக்கி எடுத்துக் கழிவுநீர்க் குழாயில், அதற்கு அனுமதி பெற்று, ஊற்ற வேண்டும். புல்தரைப் பக்கம் திருப்பிவிட முடிந்தால் சில ஊர்கள் அதையும் ஏற்கின்றன. 'மட்கும் சோப்பு' என்று புட்டியில் எழுதியிருப்பதை நம்பி வடிகாலில் விடக்கூடாது. மட்குவதற்கு நாள் ஆகும். அந்த நாள்களில் மீனின் செவுள் எரியும்.

கட்டிட வேலை நடக்கும் இடங்களுக்குத் தனி விதிகள். மணல் குவியலை மூடி வைக்க வேண்டும், வடிகால் வாயைச் சுற்றி மணல் பிடிக்கும் பைகளை அடுக்க வேண்டும், சிமென்ட் கலவை கழுவத் தனிக் குழி வேண்டும். வீட்டுக்காரர்கள் மறப்பது இந்த இடத்தில்தான். தரை ஓடு வெட்டிய பொடியையும் சுவர் தேய்த்த தூளையும் வாளி நீரில் கரைத்துத் தெருவில் கொட்டிவிடுகிறார்கள். சிமென்ட் நீரின் காரத்தன்மை மீன்களுக்கு நஞ்சு. குழாய்க்குள் அது இறுகிக் கல்லாகவும் ஆகிவிடும்.

இந்தக் கடமையை உரிமையாளர் மேல் போடுவது நியாயமா என்ற கேள்விக்கு எனக்கு முழு நிம்மதி தரும் பதில் இல்லை. பெரிய மரங்கள் நிற்கும் தெருவில் வயதான தனி ஆள் ஒருவர் நகராட்சி நட்ட மரத்தின் சருகை வாரம்தோறும் அள்ள வேண்டியிருக்கிறது. மரமே இல்லாத தெருவில் இருப்பவருக்கு அந்தப் பாடு இல்லை. அபராதச் சீட்டு பல நேரங்களில் தள்ளச் சொன்ன நிறுவனத்துக்குப் போகாமல் ஊதுகருவியைத் தூக்கி நிற்கும் கூலித் தொழிலாளிக்குப் போகிறது. விதி நியாயமாக இருக்க வேண்டுமானால் நகராட்சி தன் பங்காகச் சருகு எடுக்கும் நாளைச் சொல்லி அந்த நாளில் வர வேண்டும். சருகு போடப் பையோ தொட்டியோ கொடுக்க வேண்டும். தோட்ட வேலை நிறுவனங்களின் முதலாளிகளை முதலில் பிடிக்க வேண்டும். அள்ளியதைப் போட இடம் காட்டாமல், தள்ளாதே என்று மட்டும் சொல்லும் நகராட்சி பாதி வேலையைத்தான் செய்கிறது.

பெருக்கினால் ஆறு தெளியுமா

இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சி சொன்ன பதில் ஒருமுறை தலைகீழாக மாறியிருக்கிறது. 1983-இல் வெளியான அமெரிக்க நாடு தழுவிய நகர வடிநீர் ஆய்வு, தெரு கூட்டுவதால் மழைநீரின் தரம் பொதுவாக மேம்படவில்லை என்று முடிவு சொன்னது. துப்புரவுத் துறைகளுக்கு அது பெரிய அடி. ஆனால் அந்தக் காலத்து வண்டிகள் முரட்டுத் தூரிகையால் பெரிய குப்பையை வாரி, நுண்ணிய பொடியை விட்டுவிட்டுப் போயின. மாசு பொடியில் இருக்கும்போது பொடியை விடும் வண்டியால் பயன் வராததில் வியப்பில்லை. பின்னால் உறிஞ்சும் வண்டிகள் வந்தன. கணக்கும் மாறத் தொடங்கியது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரத்தில் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் செய்து 2016-இல் வெளியான ஆய்வு. இலையுதிர் காலத்தில் ஒரு குடியிருப்புப் பகுதியின் தெருக்களில் ஒவ்வொரு மழைக்கும் முன்பாக இலைகளை முழுக்க அகற்றினார்கள். அகற்றாத பகுதியோடு ஒப்பிட்டால் வடிநீரில் மொத்தப் பாஸ்பரஸ் 84 சதவீதம் குறைந்தது. நைட்ரஜன் 74 சதவீதம். இலையை அகற்றாத தெருவில், குளிர்காலம் நீங்கலான ஆண்டுப் பாஸ்பரஸில் 56 சதவீதம் இலையுதிர் காலத்தில் மட்டுமே போனது. அகற்றிய தெருவில் அது 16 சதவீதமாக இறங்கியது. இது முழு முயற்சியோடு செய்த சோதனை, சாதாரண வாரக் கூட்டலில் இந்த அளவு கிடைக்காது. இருந்தாலும் அது காட்டிய வழி தெளிவானது. எத்தனை முறை பெருக்கினோம் என்பதைவிட மழைக்கு முன்னால் பெருக்கினோமா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

நகர விதிகளின் குறை என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். விதிகள் நாள்காட்டியைப் பார்த்து எழுதப்பட்டிருக்கின்றன. வாரத்துக்கு இத்தனை முறை, காலை இத்தனை மணிக்குள் என்று. நேற்று இரவு மழை பெய்து எல்லாம் ஏரிக்குப் போன பிறகு, இன்று காலை வந்து சுத்தமான நடைபாதைக்கு நற்சான்று தரும் விதியால் ஏரிக்கு எந்தப் பயனும் இல்லை. அதே போல, பைக்குள் அள்ளாமல் புல்தரை ஓரத்தில் ஒதுக்கி வைத்த சருகு கண்ணுக்கு அசிங்கமாக இருக்கலாம், ஆனால் அது தெருவில் இல்லாதவரை ஏரிக்குக் கேடில்லை. நடைபாதை அழகையும் நீரின் நலத்தையும் ஒரே விதியில் போட்டுக் குழப்பியதால், அழகு மீறல் பிடிபடுகிறது, நீரைக் கெடுத்தவர் தப்பிவிடுகிறார்.

மாடிசன் பகுதியில் இப்போது இலையுதிர் காலத்தில் விருப்பமுள்ள வீட்டாருக்குக் கைபேசியில் ஒரு செய்தி வருகிறது. மழை வரப்போகிறது, உங்கள் வீட்டு முன் தெருவோரத்து இலைகளை இப்போதே வாரிவிடுங்கள் என்று. வாரிய இலையை எங்கே குவிப்பது என்றும் அந்த ஊர் சொல்லித் தருகிறது: தெருவில் அல்ல, ஓரக்கல்லுக்கு இந்தப் பக்கம், புல்தரையின் ஓரத்தில்.